மரண அறிவித்தல் நிரலும் மனித உறவுகளும்

பொருள்களுக்கிடையே உறவு அமைத்துக் கணினி நிரல் எழுதுவது சுத்தமான தொழில். மனிதரின் உறவுகள் அதற்குள் நுழையும் வரையில். இத்தொழிலில் என்னைப்போல் அகப்பட்டுத் துன்புறும் அன்பர்கள் இதை அறிவீர்கள்.

எவரிடமும் பாடம் கேளாமல் நூல்களைக் கொண்டே கற்றுத் தேர்ந்தவன் நான். பாரிஸின் லா சப்பலில் அச்சகம் நடத்தும் யோகநாதனுக்கு, மரண அறிவித்தல் தயாரிக்கும் நிரலொன்றை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒவ்வொருவரும் ஒரு பொருள்; மகன், மைத்துனர், மருமகள் என்பன அப்பொருள்களை இணைக்கும் உறவுகள். நிரல் பிழை விட்டால் பழையபடி தாமே தட்டச்சு செய்யப்போவதாக அவர் முன்னரே எச்சரித்திருந்தார்.

ஒருவருக்கு ஒரு துணை

கணவனுக்கு மனைவி ஒருத்தியென வகுத்திருந்தேன். கார்ஜ் லே கொனெஸ் புறநகரிலிருந்து வந்தவரோ, தம் தகப்பனாருக்கு மனைவியர் இருவரின் பெயர்களைத் தந்தார். இரண்டாம் பெயரை இட்டதும் முதற்பெயர் மறைந்தது. மறைந்தது அவருடைய தாயின் பெயர். திரையைப் பார்த்தபடி அவர் சொன்னார்: “அண்ணை, அப்பா உயிரோடை இருக்கேக்கையும் இதைத்தான் செய்தவர்.”

முழுமையும் பகுதிகளும்

முழுமை அழிந்தால் பகுதிகளும் அழியவேண்டும் என்று நூல்களில் ஒரு விதி உண்டு. அதன்படி தந்தையை முழுமையாகவும் பிள்ளைகளைப் பகுதிகளாகவும் அமைத்தேன். இறந்த ஒருவரை உயிருள்ளோர் வரிசையிலிருந்து நீக்கியதும், அவருடைய பிள்ளைகள் அனைவரும் உடன் நீங்கினர். தந்தை பிள்ளையற்றவர் என்று அச்சாகி வந்த தாளைக் கையிலெடுத்த மூத்த மகள் கேட்டார்: “அப்பா போயிட்டார், சரி. நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்?”

இரண்டில் ஒன்று

யோகநாதன் கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்தார். யாவற்றையும் திருத்தினேன். உயிரோடிருப்பவருக்கு அவர் வாழும் நாடு, மற்றவருக்குக் ‘காலஞ்சென்ற’ என்னும் சொல். இரண்டில் ஒன்று கட்டாயம் என்று விதித்தேன். இம்முறை பிழை நேர வழியில்லை என்றே நம்பினேன்.

தாயை இழந்த பெண்ணொருவர் வந்தார். தாயின் பிள்ளைகளுடைய பெயர்களைச் சொல்லி வந்தவர், தம்பியின் பெயரில் நின்றார். ஈழப் போரின் இறுதி நாள்களில் காணாமற்போனவர் அவர். நிரல் நாட்டைக் கேட்டது. தெரியாது என்றார். யோகநாதனின் விரல் ‘காலஞ்சென்ற’ என்பதை நோக்கி நகரவே, “அதைப் போடாதேங்கோ அண்ணை. அம்மா கடைசிவரைக்கும் அப்பிடிச் சொல்ல விடேல்லை. மகன் எண்டு மட்டும் போடுங்கோ” என்றார்.

இரண்டில் ஒன்றைத் தராவிட்டால் நிரல் அச்சிடாது என்று நான் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “எங்களுக்கும் இரண்டிலை ஒண்டு தெரிஞ்சால் போதும் ஐயா.”

யோகநாதன் நிரலை மூடிவிட்டு, அந்தப் பெயரைத் தாமே தட்டச்சு செய்தார்.

அன்று முதல் என் நிரல் ஒரு பிழையும் விட்டதில்லை. அதை எவரும் திறப்பதில்லை.