பனியில் குதிகால் ஊன்றியவன்

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. நல்ல வெயில், குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி. பிரான்சில் ஒரு மலைச்சரிவில், கால்களில் இரண்டு சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, அறுபத்தேழு வயதில் நின்றிருந்தேன். அறுபது அடி கீழே, கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி என் மைத்துனர். என் மனைவியின் தம்பி. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று அங்கேயே தங்கிவிட்டவர். பாகூர் பக்கத்தில் எங்கள் ஊரான செலியமேட்டில் அவரைச் சொல்தா என்றுதான் சொல்வார்கள், பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம்.

நான்கு நாளாக எனக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். விழுந்த ஒவ்வொரு முறையையும் காரணத்தோடு ஒரு சிறிய நோட்டில் எழுதினேன். மொத்தம் இருபத்தேழு. பனி இறுகிக் கிடந்ததால் பதினொன்று, காலணி சரியில்லாததால் ஒன்பது, குறுக்கே வந்தவர்களால் ஏழு. சுய ஆய்வு என்று பெருமையாக அவரிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இருவத்தேழுல ஒண்ணுலகூட நீங்க இல்லியே மாமா?"

குறை என்னவென்று முதல் நாளே சொல்லியிருந்தார். மழைக்காலத்து ஏரிக்கரையில் இறங்கிப் பழகிய உடம்பு என்னுடையது. சேறு வழுக்கும்போது பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றினால்தான் அங்கே விழாமல் இறங்கலாம். பனியில் அது நேர்மாறு. பின்னால் சாய்ந்தால் பலகை நம் பேச்சைக் கேட்காது. எவ்வளவு பயமாக இருந்தாலும் பள்ளத்தை நோக்கித்தான் உடம்பைக் கொடுக்க வேண்டும். "குதிகால ஊனிக்கினு எறங்க இது இன்னா பாகூர் ஏரிக்கரையா? முட்டிய மடக்கி முன்னால வாங்க மாமா" என்று கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் முன்னால்தான் சாய்கிறேன் என்று சாதித்தேன். அதனால்தான் அன்று என்னைப் படம் எடுத்துக் காட்டுவதற்காக அவர் கீழே போய் நின்றார்.

கிளம்பினேன். வேகம் கூடியதும் பலகைகள் என்னை இழுத்துக்கொண்டு நேராக அவர் மேல் போய் மோதின. அவருடைய வலது முழங்கால் கரும்பை முறிப்பதுபோல் சத்தம் போட்டது. பனியில் சுருண்டு கிடந்தவரைப் பார்த்து நான் சொன்ன முதல் வார்த்தை, "நடுவுல ஏன்யா நின்னே?" அதுவும் படத்தில் பதிவாகியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அந்தப் படத்தை எனக்கு மட்டும் அனுப்பினார். கூடவே ஒரு வரி: "பதினாலாவது செகண்ட் பாருங்க மாமா, குதிகால்." பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் சரி.

தானே வழுக்கி விழுந்ததாக ஊருக்குச் சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. ஆறு மாதம் கழித்து எங்கள் பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு விந்தி விந்தி வந்தார். பந்தியில் பங்காளி கேட்டார்: "இன்னா சொல்தா மச்சான், துப்பாக்கிக்கு நின்ன காலு பனிக்கு நிக்கலியா?" பந்தி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். என் மனைவி வேறு பிடித்துக்கொண்டாள். "வயசான மனுஷர கூட்டிக்கினு போயி இன்னாடா வெளையாட்டு உனக்கு? அவுருக்கு எதனா ஆயிருந்தா?" அவர், "தப்புதான்க்கா" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது அங்கே மறுபடியும் பனி விழ ஆரம்பித்திருக்கிறது. முப்பது குளிர்காலம் சறுக்கியவரை இனிமேல் கூடாது என்று மருத்துவர் நிறுத்திவிட்டார். ஞாயிறுதோறும் பேசுகிறார், ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. மனைவி பக்கத்தில்தான் இருப்பாள், இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், வாய் வராது. இப்படி நாற்பத்திரண்டு ஞாயிறு போய்விட்டது. இதை அச்சில் படித்துத்தான் அவளுக்கே தெரியப்போகிறது.

அறுவைச் சிகிச்சைக்கு அங்கே காப்பீடு கொடுத்துவிட்டது. என் கையிலிருந்து போனது, காதுகுத்தன்று பாகூர் மருந்துக்கடையில் அவருக்கு நான் வாங்கிக்கொடுத்த முழங்கால் உறை ஒன்றுக்குத்தான். எல்லார் எதிரிலும் எனக்கு நன்றி சொல்லி அதை மாட்டிக்கொண்டார். விலை அறுநூற்று நாற்பது ரூபாய்.