மீன் வண்டியின் வாயை அடக்கிய கதை

போன வாரம் புதுச்சேரியில், சாரம் பகுதியில் என் மகள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மீன் வண்டி ஒன்று வந்தது. ஓட்டுகிற தம்பி வாயைத் திறக்கவில்லை. முன்னால் கட்டியிருந்த ஸ்பீக்கர்தான் "வஞ்சிரம், வவ்வால், இறால்" என்று கூவியது. கிட்டே போய்ப் பெட்டிக்குள் பார்த்தால் வெறும் கானாங்கத்தை. "வஞ்சிரம் எங்கடா?" என்றேன். "அது போன மாசம் பேசி வெச்சதும்மா" என்றான். நான் சிரித்த சிரிப்பில் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டாள்.

அவன் கிளம்பிப் போன பிறகு, ஐஸ் உருகிய மீன் தண்ணீர் வாடையும் வண்டிப் புகையும் கலந்து கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. உங்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும். எனக்கு அது மல்லிகைப்பூ. ஏனென்று கேளுங்கள்.

முதலில் நான் தலைக்கூடைக்காரி. கூடையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முகத்தைச் சுளிப்பார். மத்தியானம் அவர் வீட்டிலேயே மீன் குழம்பு கொதிக்கும், அது வேறு கதை. அதனால் குப்பத்திலிருந்து சாரம் வரைக்கும் நடைதான். இருபத்தெட்டு வயதிலேயே கழுத்தெலும்பு தேய்ந்துபோனது. இனி தலையில் ஒரு சொம்புத் தண்ணிகூட வைக்கக் கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். கூடை தூக்கக் கூடாதென்றால் மீன்காரி வேறு என்னதான் செய்வாள்? ஒரு வாரம் அழுதேன்.

சாரத்தில் எனக்கு வாடிக்கையாக ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அந்த சொல்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஓட்டிய எஞ்சின் வைத்த சைக்கிள் தோட்டத்தில் கிடந்தது. பெடலை மிதித்து வேகம் பிடித்தால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். "எடுத்துக்கிட்டுப் போடி. பாக்கும்போதெல்லாம் அவரு ஞாபகம் வருது" என்றார் அவர் மனைவி. அவரை நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். எனக்குச் சைக்கிள் விடத் தெரியும். குப்பத்தில் எஞ்சின் வண்டி ஓட்டிய முதல் பொம்பளை நான்தான். பெருமைதான், இப்போதும்.

என் வீட்டுக்காரர் படகில் எஞ்சின் ஓட்டுகிறவர். வேறு யாரையும் தொடவிடாமல் இரண்டு நாள் உட்கார்ந்து வண்டியைப் பிரித்து மாட்டினார். பிறகு கிளப்பிக் காட்டினார். அம்மாடி! கருவாட்டுக்குக் காத்திருந்த காக்கையெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் பறந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளைக் களை.

மறுநாள் சாரத்தில் "மீனேய்!" என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு எஞ்சினை நிறுத்தலாம்தான். திரும்பக் கிளப்ப, ஐஸ் பெட்டிப் பாரத்தோடு மிதிக்க வேண்டும். நாலு வீட்டுக்குள் கழுத்து கழன்றுவிடும். "ஏதோ மாவு மில்லு போவுதுன்னு நெனச்சேன்டி" என்றார் ஒரு டீச்சரம்மா, நான் தெருவைத் தாண்டிய பிறகு. பாதி மீன் திரும்பி வந்தது. ஒரு வாரம் இதே பாடு. என் குரல் கதவுக்குள் போகவில்லை என்றால் வியாபாரமே போச்சு, அவ்வளவுதான்.

நானே ஒரு வைத்தியம் செய்தேன். பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரைச் சுருட்டி சைலென்சருக்குள் திணித்தேன். ஐந்து நிமிஷம் அமைதி. பிறகு எஞ்சின் மூச்சு முட்டி இருமி, கம்பிநாரைப் பட்டாசு மாதிரி நடுத்தெருவில் துப்பியது. மதாம் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்க வண்டி இப்படிக் கத்தாதேடி. அவரு ஓட்டுனா பூனை போற மாதிரி போவும். யாரு என்னா பண்ணீங்க அத?" என்றார்.

நேராகத் தட்டாஞ்சாவடிக்கு விட்டேன், யூனுஸ் பாய் பட்டறைக்கு. பாய் சைலென்சரைக் கழற்றிக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "உள்ள ஓட்டை போட்ட கொழா ஒண்ணு இருக்கணும்மா. அதாம்மா சத்தத்த அடக்கும். யாரோ உருவிட்டாங்களே, யாரு அது?"

யார் என்று தெரியாதா எனக்கு? ஆனாலும் கட்டினவரை விட்டுக்கொடுக்க முடியுமா? "காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் பாய்" என்றேன். பாய் சிரித்துக்கொண்டே புதுக் குழாய் கடைந்து, வரிசையாக ஓட்டை போட்டு உள்ளே இறக்கினார். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் டயர் ரப்பர் வெட்டி வைத்தார். அப்புறமும் டணடணவென்று ஒரு சத்தம். அதைக் கண்டுபிடித்தது நான்தான். பெட்டிக்குப் பக்கத்தில் என் தராசும் படிக்கல்லும் ஆடிக்கொண்டிருந்தன! பழைய புடவையைக் கிழித்துச் சுற்றினேன். கப்சிப்.

அடுத்த நாள் காலையை எப்படிச் சொல்வேன்! வண்டி பூனைக்குட்டியாகப் போகிறது. "மீனேய்! சங்கரா, நெத்திலி, வவ்வாலு!" என்று எடுத்தேன். ஒரு தாழ்ப்பாள் திறக்கிறது. அடுத்தது. எதிர்வீடு. தெருவே சட்டியும் கையுமாக இறங்கி வருகிறது. பத்து மணிக்குப் பெட்டி காலி. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

குப்பத்தில் அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் போய் நிறுத்தினேன். அசையவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"என்னா, நடந்தா வந்த? வண்டி நின்னுபோச்சா?"

"இதோ நிக்குது பாருங்க. கொழாய உருவுனது நீங்கதான?"

வலையைக் கீழே வைத்தார். "நாங்க கடல்ல இருக்கசொல்லோ நீங்கள்லாம் கரையில நின்னு சத்தத்த வெச்சே யாரு படகு வருதுன்னு சொல்றீங்க. நீ லாரி ஓடுற ரோட்டுல போற. முக்கு திரும்பிட்டன்னு எனக்குத் தெரிய வாணாமா?"

எங்கள் கரையில் அது உண்மை. படகு கண்ணுக்குத் தெரியும் முன்பே, 'இது என் வீட்டுது' என்று எஞ்சின் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவோம். அதுவரைக்கும் பயம்தான். அந்தப் பயம் ஆம்பளைக்கும் உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் திட்டவும் செய்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். முக்கு திரும்பும்போது காலிப் பெட்டியோடு "மீனேய்!" என்று கத்துவேன். கரையிலிருந்து "ஓய்!" என்று அவர் குரல் வரும். "காலிப் பொட்டிய யாருக்குடி விக்கிற?" என்று பெண்களெல்லாம் கேலி செய்வார்கள். செய்யட்டுமே!

வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. பாய் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஏதோ குடோன். முப்பது வருஷம் படகு எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற அவர் காதும் மெல்ல மெல்ல அடைத்துவிட்டது. மகள் வீட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது முக்கில் இன்னமும் கத்துகிறேன். ஆட்டோக்காரர் பயந்து திரும்பிப் பார்க்கிறார். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் கடலைப் பார்த்தபடி வலை பின்னிக்கொண்டிருக்கிறார்.