பேரை எழுதச் சொன்ன கேள்வி

போன வாரம் மருமகளை இங்கிலீஷ் பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனேன். அதுகூடப் பொய்... அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கிளியனூரிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து விழுப்புரம். ரெண்டு பஸ்ஸிலும் ஜன்னலோரம் எனக்கு.

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். இங்கிலீஷைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த வாரம் வேறு எதுவும் எழுத வரவில்லை.

செல்விக்கு இது இரண்டாவது தடவை. பத்தாவதில் மற்றதெல்லாம் தேறிவிட்டாள், இங்கிலீஷ் மட்டும் நிற்கிறது. அது தேறினால் அங்கன்வாடி வேலைக்கு மனு போடலாம். இல்லாவிட்டால் அடுத்தவர் கொல்லையில் வெயிலில் குந்தி மல்லாட்டைச் செடியிலிருந்து கடலை ஆய வேண்டியதுதான். என் மகன் பைபாஸில் அடிபட்டுப் போனதிலிருந்து அதுதான் பிழைப்பு.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் டியூஷன். ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்களாம். அதற்கு சார் வழி சொல்லித் தருவார். முதலில் கேள்வியைப் படி, அப்புறம் பத்திக்குப் போ. தெரியாத வார்த்தை வந்தால் பயப்படாதே — அதற்கு முன் வரியையும் பின் வரியையும் பார். உனக்குத் தெரிந்ததை எழுதாதே, பத்தியில் இருப்பதை எழுது. 'யார்' என்று கேட்டால் பேரைப் போடு, சுற்றி வளைக்காதே.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள், உதவும்.

செல்வி எல்லாம் செய்வாள். சார் கடைசியாகச் சொன்னது மட்டும் அவளுக்கு வராது.

ஏன்? இந்த இங்கிலீஷ் பத்திகளில் எப்போது பார்த்தாலும் ஒரு ரவி இருக்கிறான். ரவி சந்தைக்குப் போகிறான். ரவி மரம் நடுகிறான். என் மகன் பேரும் ரவி.

எங்கள் பக்கம் புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வோம். நானும் அப்படி இருந்தவள்தான். செல்வி எழுதவும் மாட்டாள்.

ஒரு டெஸ்ட்டில், 'கிணற்றில் விழுந்த ஆட்டை யார் தூக்கியது?' என்று கேள்வி. இவள் இங்கிலீஷில் 'பாப்பாவோட அப்பா' என்று எழுதி வைத்திருக்கிறாள். என் பேத்தியை வைத்து, வீட்டில் அவனை அப்படித்தான் சொல்வாள்.

"ஏம்மா, இந்தப் பத்தியில பாப்பாவே கிடையாதே. இவன் யாருக்கு அப்பன்?" என்றாராம் சார். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

"அது யாரோ ஒரு ரவிதானே செல்வி. எழுதிட்டு வாயேன்."

"வரல அத்தே. கை நின்னுபூடுது."

அவன்தான் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பெற்றவள் அதை எப்படிச் சொல்வது?

பரீட்சையன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் வந்த பிறகு கடைசியாக வந்தாள்.

"பத்தியில ரவி வந்தானா?"

"வந்தாரு அத்தே."

பத்தியில் வருகிறவனுக்கும் அவளிடம் மரியாதைதான்.

"எழுதினியா?"

"எல்லாரும் எழுதிக்கினு இருந்தாங்க. நான் மட்டும் பேனாவ வச்சிக்கினு குந்தியிருந்தேன். அப்புறம்... இனிமே என்னா குறையப் போவுதுன்னு எழுதிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். வாங்கி வைத்திருந்த வடையைத் தொடவில்லை.

காரியத்தன்றுகூட நிமிர்ந்து உட்கார்ந்து வந்தவர்களைக் கவனித்தவள் அவள். பஸ் ஏறியதும் என் தோளில் சாய்ந்தாள். திண்டிவனம் வரும்வரை அழுதாள். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் அவள் கையில் இருந்த ஹால் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, கேள்வி கஷ்டமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

திருத்தப்போகிற டீச்சருக்கு அந்தப் பேர் ஒரு மார்க்.