பாதி முகம் வெளுத்த படம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குத் தொழிற்பேட்டையில் வேலை. நான் ஒரு பள்ளியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு முன்னறையில் ஒரு பெண்மணி அழகு நிலையம் நடத்திவந்தார். கன்னடம் அவருக்குத் தாய்மொழி, தெலுங்கு புகுந்த வீட்டு மொழி, தமிழ் தொழில் மொழி. மூன்றிலும் தடையின்றிக் கோபப்படுவார். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார்.

ஆலைகளில் வேலை செய்த பெண்கள் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அவரிடம் புருவம் திருத்திக்கொள்வார்கள். கல்யாணம் நிச்சயமானால் அலங்காரத்துக்கும் அவரையே அழைப்பார்கள். எங்கள் பக்கத்தில், கர்நாடகத்தைப் போலவே, வரவேற்பு முதல் நாள் மாலையே நடந்துவிடும். முகூர்த்தம் மறுநாள் காலையில். ஆகவே ஒரே பெண்ணுக்கு இரண்டு முறை அலங்காரம். மாலையில் மண்டபத்து விளக்குகளுக்காக; காலையில், கிராமத்துக் கோயில் வாசலின் வெயிலுக்காக.

அந்த வெயில்தான் அக்காவுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. தாலி ஏறி, கோயிலைச் சுற்றி வருவதற்குள் பவுடர் கோடு கோடாக இறங்கிவிடும். பெங்களூர்க் கடையொன்றில் அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்து வந்தார். வெளிநாட்டில் செய்த குழாய்க் களிம்பு, ஒப்பனைக்கு முன் பூசவேண்டிய அடிப்பூச்சு, வெயிலையும் தடுக்குமாம். விரலில் எடுத்தால் பட்டுப் போல வழுக்கியது. பூசிய சிறிது நேரத்தில் பூசிய இடமே தெரியவில்லை.

அதை முதலில் பூசிக்கொண்டவள் நாகரசம்பட்டிப் பெண். பெற்றோர் மாந்தோப்புகளில் கூலி வேலை செய்பவர்கள். அவள் ஓசூரில் ஓர் ஆலையில் இருந்தாள். நல்ல கறுப்பு. நிறத்தைச் சொல்லிச் சில வரன்கள் தட்டிப்போயிருந்தன. பிறகு காவேரிப்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்து, பார்த்தவுடன் சம்மதம் சொன்னார். அலங்காரம் பேச வந்த அன்று அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அக்கா, அவரு என்னையப் பாத்துத்தான் புடிச்சிருக்குன்னு சொன்னாரு. போட்டோவுல வேற எவளையாச்சும் கொண்டாந்து நிறுத்திடாதீங்க."

"உன் கலரு எங்கயும் போவாது. போச்சுன்னா வந்து என்னைக் கேளு," என்றார் அக்கா.

கேட்க வந்துவிட்டாள். கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஆல்பம் கைக்கு வந்த மறுநாளே பஸ் ஏறி வந்து அதை அக்காவின் மேசைமீது வைத்தாள். வரவேற்புப் படங்கள் எல்லாவற்றிலும் அவளுடைய கறுத்த கழுத்தின்மேல், சாம்பல் பூசியதுபோல், வெளிறிய ஒரு முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"மாமியா அவரப் பாத்து, 'இந்தப் பொண்ண எங்கடா வுட்டுட்டு வந்தே'ன்னு கேக்கறாங்க. தெருவே சிரிக்குது. அவ்ளோ சொல்லியும் வெள்ளையடிச்சிட்டீங்களேக்கா."

"உன் கலருக்குத்தான் பவுடர் கலந்தேன், கண்ணு. கண்ணாடியில நீயே பாத்தியே!"

"பாத்தேன். படத்துல இருக்கறது நான் இல்லியே." ஆல்பத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

போட்டோக்காரரின் பிழையாகவோ, படம் கழுவிய லேப்பின் பிழையாகவோ இருக்கலாம் என்று நான் ஆறுதல் சொன்னேன். அந்தப் பழியை அவர்கள்மேல் போட்டிருந்தால் அக்காவின் தொழிலுக்கு ஒரு குறையும் வந்திராது. அவர் தலையை ஆட்டி மறுத்தார். "லேப் தப்புன்னா பொடவை, கை எல்லாந்தான மாறணும்? கையப் பாரு டீச்சர். அவ கையாவேதான இருக்குது."

பிறகு குழாயை என் கையில் கொடுத்தார். "இதுல பதினஞ்சுன்னு போட்டிருக்குதே, ஷேடு நம்பர்தான? அவளுக்குத் தூக்கலாப் போச்சோ?"

அந்த எண் நிறத்தைக் குறிப்பதன்று, வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பதற்கான அளவு என்றேன். "அப்ப மீதியும் படி," என்று எதிரில் அமர்ந்துகொண்டார். பொடி எழுத்து ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் களிம்பை ஒரு துளி பிதுக்கி, புறங்கையில் தேய்த்து, நான் சொல்வது அங்கே இருக்கிறதா என்று பார்த்தார். 'கோன்' என்று முடியும் இரண்டு பெயர்கள் சிலிக்கோன் வகை: ஒன்று தடவும்போது வழுக்கிவிட்டு ஆவியாகிவிடும், மற்றது தங்கி, தோலின் குழிகளை மெல்லியதாக மூடும். "அதான் பவுடர் திட்டுத்திட்டா நிக்காம ஒக்காருது," என்றார். கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடைசியில் இருந்தவை களிம்பு கெடாமல் காப்பவை.

எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக அச்சிட்டிருந்த இரண்டை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்திருந்தேன். டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு. "வெள்ளைப் பெயின்ட்டுக்கு வெள்ளை நிறம் தருவது இதில் முதலாவதுதான், அக்கா. இரண்டுமே வெள்ளைப் பொடிகள்."

"வெள்ளையா? கையில ஒண்ணுமே தெரியலியே!"

"மிக நுண்ணியதாக அரைத்து, மிக மெல்லியதாகப் பரப்பியிருப்பதால் தெரியவில்லை. வெயிலில் தோலைச் சுடும் கதிர்களில் பெரும்பகுதியை அவை விழுங்கிவிடும். மேலே விழும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைச் சிதறடித்துத் திருப்பியும்..."

நான் முடிக்கவில்லை. அவர் ஆல்பத்தைப் புரட்டத் தொடங்கியிருந்தார். முகூர்த்தப் படங்கள் வந்தன. கோயில் வாசல், நல்ல வெயில், அதே அடிப்பூச்சு; அவளுடைய முகம் அவளுடைய நிறத்திலேயே மின்னியது. "காலையில ஃபிளாஷ் போடல," என்றார் அக்கா மெதுவாக. "ராத்திரி ஃபிளாஷ் நேரா மூஞ்சியில அடிச்சிருக்குது. அந்த வெளிச்சத்த இந்த வெள்ளைப் பொடி காமிராவுக்கே திருப்பி வுட்டிருக்குது. ஃபிளாஷ் மின்னி மறைஞ்சிடறதால நம்ம கண்ணுக்குத் தெரியல." நான் பாதியில் விட்ட வாக்கியத்தை அவரே முடித்துவிட்டார்.

அத்தோடு நிற்கலாம் என்றுதான் நினைத்தேன். அவர் நிற்கவில்லை. நெற்றியிலிருந்து முகவாய் வரை முகத்தின் ஒரு பாதிக்கு மட்டும் களிம்பைப் பூசிக்கொண்டு போட்டோ ஸ்டுடியோவுக்கு நடந்தார்.

"என்னாக்கா, உங்க கடைக்கு நீங்களே திருஷ்டி பொம்மையா நிக்கப் போறீங்களா?" என்றார் போட்டோக்காரர்.

"உன் காமிரா மானத்தக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன். அடி ஒண்ணு ஃபிளாஷ் போட்டு, ஒண்ணு வெளிய வெயில்ல."

ஃபிலிம் ரோல் தீராமல் லேப்புக்கு அனுப்பமாட்டார்கள். யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதுவரை அக்கா அந்தக் குழாயைத் தொடவில்லை. ஒரே முகத்தில் பூசிய பக்கத்தையும் பூசாத பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அந்த யோசனையை நான் என் வகுப்பில் சொன்னேன். ஒரு சோதனையை எப்படி அமைப்பது என்பதற்கு இன்றும் என்னிடம் அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

படங்கள் வந்தன. வெயிலில் எடுத்ததில் முகம் ஒன்றாகவே இருந்தது. ஃபிளாஷ் படத்தில் ஒரு பாதி அக்கா. மறு பாதி சுண்ணாம்பு அடித்த சுவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் விட்டுப்போன ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு, இருவரும் காவேரிப்பட்டினம் போனோம். அந்தப் பெண் எங்களை உட்காரச் சொன்னாள், முகத்தில் சிரிப்பில்லை. மாமியார் முறத்தை மடியில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தன் ஃபிளாஷ் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "ஐயோ, என்னாக்கா இது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா அவள் புறங்கையில் களிம்பைத் தேய்த்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, சிலிக்கோன் முதல் துத்தநாகம் வரை எல்லாவற்றையும் தன் தமிழில் சொன்னார். நான் ஒரு சொல்லும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. "சொன்ன சொல்ல நான் மீறல, கண்ணு. எனக்கே தெரியாத ஒண்ணு அதுல இருந்திச்சு. இனிமே ராத்திரிக்கு இது இல்ல, வெயிலுக்கு மட்டுந்தான்."

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப எம்மருமவ சாயம் பூசச் சொல்லலியா?"

"பூசாதீங்கன்னுதான் சொன்னா."

மாமியார் மருமகளைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் படத்த எனக்குக் குடுங்கக்கா," என்றாள்.

பல மாதங்களுக்குப் பிறகு அங்கே போனபோது வந்திருந்த உறவினர்கள் அந்த ஆல்பத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணமக்களுக்கும் முன்னால், முதல் பக்கத்தில், அக்காவின் பாதி வெளுத்த முகம் ஒட்டியிருந்தது. "யாரு இது, பாதி வெள்ளைக்காரி?" என்று ஒரு கிழவர் கேட்டார். மருமகள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "சிரிக்காதய்யா. எம்மருமவ மூஞ்சி எப்பிடி வெளுத்துச்சுன்னு காட்டறதுக்கு அந்தம்மா தம்மூஞ்சியக் குடுத்தாங்க. ஒக்காரு, சொல்றேன்."