நாலாவது கதிரை

என் பட்டச் சான்றிதழை நான் சட்டம் போட்டு மாட்டவில்லை. அது அலுமாரி லாச்சியில், காப்புறுதிக் கடிதங்களுக்கு அடியில் கிடக்கிறது. "நாப்பது வயதிலை எடுத்த பட்டம், வாற சனம் பாக்கட்டுமன்" என்று கணவர் பல தடவை சொல்லிவிட்டார். ஆணி இல்லை என்றேன். ஒருநாள் ஒரு பெட்டி ஆணியோடு வந்து நின்றார். சுவரில் ஓட்டை போட விருப்பமில்லை என்றேன். உண்மை வேறு. அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் அதில் இன்னொருவரின் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த இன்னொருவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவர் அல்ல. டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர், என்னை விட நான்கு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் போகப் போதிய புள்ளிகளும் எடுத்தவர். நாட்டில் நடந்த சண்டை அதைக் கெடுத்தது. பிறகு கல்யாணம் பேசி டென்மார்க்குக்கு அனுப்பினார்கள். வந்த நாளிலிருந்து ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். அவருடைய வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள்தான். சாப்பாடும் அவர்களோடு, கதையும் அவர்களோடு.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். அங்கே நான்தான் ஒரே தமிழ். சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்குக் கேக் வைத்தார்கள். "ஒரு துண்டு எடுக்கிறாயா?" என்று ஒரு டெனிஷ்காரர் கேட்டார். நான் எங்கள் வழக்கப்படி வேண்டாம் என்றேன். எங்கள் வீடுகளில் முதல் தரம் கேட்டவுடன் ஓம் என்றால் சாப்பாட்டுக்கு அலைந்தவள் என்று நினைப்பார்கள். இரண்டு தரம் மறுத்து மூன்றாம் தரம் வாங்குவதுதான் மரியாதை. அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். என் கண் முன்னால் அந்தக் கேக் முழுதும் முடிந்தது. அன்றைக்கே எனக்குப் புத்தி வந்தது. இந்த நாட்டில் முதல் "இல்லை"தான் கடைசி "இல்லை".

அக்காவுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் அவரிடம் எல்லாவற்றையும் மூன்று தரம் கேட்டார்கள்.

பக்கத்து ஊரில் ஒரு சிறிய கல்லூரி இருந்தது. வயது வந்தவர்களும் போய் ஆய்வுகூட வேலை படிக்கலாம். அதன் விளம்பரத் தாளை அக்காதான் கொண்டு வந்தார்.

"நீரும் நானும் போவம்."

"எனக்கு விஞ்ஞானம் ஒண்டும் தெரியாது அக்கா."

"எனக்குத் தெரியும்தானே. பிறகென்ன?"

இரண்டு விண்ணப்பங்களையும் அவரே தன் குசினி மேசையில் வைத்து நிரப்பினார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அந்தக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் இருபது பேர்கூட இல்லை. ஆசிரியர்களுக்கு எங்கள் பிள்ளைகளின் வயது தெரியும். யாருக்குக் காய்ச்சல், யார் இரவு வேலை முடித்து வந்தவர் என்பதும் தெரியும். அக்காவும் நானும் ஒரே மேசை, ஒரே அறிக்கை. நான் பாதி, அவர் பாதி என்று சொல்ல ஆசைதான். அவர் முக்கால், நான் கால்.

படிப்பு முடிந்தபோது ஓர் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, இந்தப் புள்ளிகளோடு ஓகூஸில் உள்ள பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் நேராக இரண்டாம் வருடத்துக்கே போகலாம் என்றார். படித்ததைக் கணக்கில் எடுத்து மேலே ஏற்றிவிடுவார்கள். இங்கே அதை மெரிட் என்பார்கள். வரும் வழியில் அக்கா சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். இருபது வருடம் தள்ளிப்போன ஒன்று கதவைத் தட்டினால் யார்தான் அழமாட்டார்கள்? அந்த விண்ணப்பங்களையும் அவர்தான் நிரப்பினார்.

விடிய ரயில் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். அக்கா ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேநீரும் இரண்டு கோப்பையும் கொண்டு வருவார். சில்கபோ தாண்டியதும் மூடியைத் திறப்பார்.

"குடிக்கிறீரோ?"

"வேண்டாம் அக்கா."

"கொஞ்சமாக் குடியுமன்."

"இப்பதான் வீட்டிலை குடிச்சனான்."

"சும்மா விசர்க்கதை கதையாதையும்" என்று ஊற்றித் தருவார். நான் வாங்கிக் குடிப்பேன். ஒவ்வொரு நாளும் இதே நாடகம். ஒருநாள்கூட அவர் மூன்றாம் தரம் கேட்காமல் விட்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் எங்களை யாரும் தள்ளி வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். சிரித்தார்கள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வழி காட்டினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் முதல் வருடம் வகுப்பு தொடங்க முன்பே ஒன்றாக முகாம் போய், விளையாடி, பாட்டுப் பாடி, நாலு நாலு பேராகக் குழு சேர்ந்து முடித்திருந்தார்கள். குழு என்றால் அங்கே எல்லாமே குழுதான். பரிசோதனை, அறிக்கை, சோதனைக்கு ஆயத்தம், முறை வைத்துக் கொண்டுவரும் கேக். நாங்கள் இரண்டாம் வருடத்தில் போய் இறங்கியபோது கதிரைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. "புதிதாக வந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குழுவைத் தேடிக்கொள்ளுங்கள், நாலு பேர் கணக்கு" என்றார் விரிவுரையாளர். எங்களுக்கு அது கடைக்குப் போய் உப்பு வாங்குங்கள் என்பது மாதிரிக் கேட்டது. எங்கே போய் வாங்குவது?

புதன்கிழமை ஆய்வுகூடம். ஒரு திரவத்தை மற்றதற்குள் துளித்துளியாக விட்டு, இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். என்னுடையது மூன்று தரமும் செக்கச் சிவந்து போயிற்று. அக்காவின் குடுவையில் நிறம் இருக்கிறதா இல்லையா என்று சண்டை பிடிக்கலாம், அவ்வளவு மெல்லிசாக நின்றது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் மூன்று பேர் அதை வந்து பார்த்தார்கள். ஒருவர் படமும் எடுத்தார்.

மதியம் நாங்கள் சோற்றுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது, அந்த மூவரில் கட்டையாக முடி வெட்டிய பெண் வந்தாள். தங்கள் குழுவில் ஒருவர் படிப்பை விட்டுவிட்டார், ஓர் இடம் இருக்கிறது என்றாள். அக்காவைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எங்களோடு சேர விருப்பமா?"

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே இரண்டு கையையும் ஆட்டினார். "இல்லை இல்லை, பரவாயில்லை. உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்று டெனிஷில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தபடி என்னை ஒரு தரம் பார்த்தார்.

அந்தப் பெண், சரி என்று தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள்?"

"ஓம், நல்ல விருப்பம்" என்றேன்.

ஒரு மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. அக்கா, அந்தப் பெண், நான் என்ற மூன்று பேரில் எனக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் தெரியும். அக்காவின் "இல்லை" உண்மையில் இல்லை அல்ல என்பது தெரியும். அதை அந்தப் பெண் இல்லை என்றே எடுத்துக்கொள்வாள் என்பதும் தெரியும். "அவரை இன்னொரு தரம் கேள், வருவார்" என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? வாய் வரவில்லை. மறந்துவிட்டேன், குழம்பிவிட்டேன் என்று பல காலம் எனக்கு நானே கதை சொன்னேன். இப்போது சொல்லமாட்டேன். அந்தக் கதிரை எனக்கு வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பும் ரயிலில் அக்கா பிளாஸ்கை எடுத்து மடியில் வைத்தார்.

"நல்லது. ஒராளாவது சேந்திட்டம்" என்றார். பிறகு, "அவை இன்னொருக்கால் கேப்பினம் எண்டு நினைச்சன்" என்றார்.

"அவை அப்பிடித்தான் அக்கா" என்றேன்.

நாளைக்கே போய் நான் சொல்லுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வியாழன் இருந்தது, வெள்ளி இருந்தது. அக்கா பிளாஸ்கைத் திறந்து எனக்கு ஊற்றினார், அன்றைக்கும் மூன்று தரம் கேட்டுத்தான்.

குழு கிடைக்காதவர்களை எல்லாம் சேர்த்து அக்காவுக்கு ஒரு குழு அமைந்தது. அதில் இருந்த மற்ற இரண்டு பேரும் இரண்டாம் வாரத்திலிருந்து முகம் காட்டவில்லை. நாலு பேர் செய்கிற வேலையை அவர் தனியே செய்தார். நடுவில் தொழிற்சாலையில் வார இறுதி வேலையும் இருந்தது. எழுதிக் கொடுத்த அறிக்கைகள் திருத்தச் சொல்லித் திரும்பி வந்தன. விஷயத்தில் பிழை இல்லை. எழுதின டெனிஷில்தான் பிழை. பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தால் பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்திருக்கும். என் பக்கத்தில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். என் பிழைகளைச் சிரித்துச் சிரித்துத் திருத்தினார்கள். என் முறை வந்தபோது நான் கேக்குக்குப் பதிலாகக் கட்லட் கொண்டு போனேன், அள்ளிச் சாப்பிட்டார்கள்.

நூலகத்தில் அக்கா எங்களுக்கு இரண்டு மேசை தள்ளி இருப்பார். எனக்கு அவருடைய முதுகுதான் தெரியும். நாங்கள் சத்தமாகச் சிரித்தால் அந்த முதுகு அசையாது. எனக்கு வெட்கமாக இருக்கும், ஆனாலும் சிரிப்பேன்.

கார்த்திகை மாதம், ரயிலில், குனிந்து கோப்பையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்கடை குறுப்பிலை அஞ்சு பேர் இருக்கேலாதோ? ஒருக்கால் கேட்டுப் பாருமன்."

"கேக்கிறன் அக்கா."

நான் கேட்கவில்லை. அக்கா வந்தால் ஒரு கிழமையிலேயே யார் கெட்டிக்காரி என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். எனக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்த மனுசிமேல் எனக்கு எரிச்சல் இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது. அடுத்த கிழமை அவர் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. சரிவந்திருந்தால் இவள் சொல்லியிருப்பாள்தானே என்று நினைத்திருப்பார்.

தை மாதம் சோதனைக்குப் போவதற்கு வேண்டிய அறிக்கைகள் அவரிடம் போதவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போகிற பிள்ளை மாதிரிப் புது நோட்டுப் புத்தகங்களோடு தொடங்கியவர், மாசியில் விலகல் படிவத்தை நிரப்பினார். படிவம் நிரப்புவதில் அவர் எப்போதும் வல்லவர். அதற்குப் பிறகு ரயிலில் என் பக்கத்து இருக்கையில் நான் பையை வைத்தேன். தேநீர் வேண்டுமென்றால் ரயில் நிலையத்தில் காகிதக் கோப்பையில் வாங்கினேன்.

வெயில் காலம் வந்து குழுவோடு புல்லில் இருந்தபோது, அந்தக் கட்டை முடிப் பெண் தானாகவே சொன்னாள்: "உன் தோழியை நாங்கள் சேர்க்க விரும்பினோம். அவருக்கு எங்களோடு விருப்பமில்லை, பாவம், தனியே கஷ்டப்பட்டார். ஐந்து பேரென்றாலும் விட்டிருப்பார்கள், பக்கத்துக் குழுவில் ஐந்து பேர்தானே." அவளில் ஒரு பிழையும் இல்லை. நல்ல பிள்ளை. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவர்களோடு இருந்தேன். படித்து முடித்தேன். இப்போது வைலேயில் ஓர் ஆய்வுகூடத்தில் வெள்ளை மேலங்கி போட்டு வேலை செய்கிறேன். அக்கா தொழிற்சாலையில் பின்னேர வேலைக்குத் திரும்பிவிட்டார்.

போன மாதம், பெரியபிள்ளையான மகளின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். அழைப்பிதழைத் தபாலில் போட்டிருக்கலாம். நேரில் போனதற்குக் காரணம், எல்லாவற்றையும் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். காரில் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். தேநீர் வரும், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அக்கா அழைப்பிதழை வாசித்தார். மகள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்றார். குசினியில் தண்ணீர் கொதித்த சத்தம் நின்றது.

"தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"வேண்டாம் அக்கா. இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்" என்றேன். மதியத்துக்குப் பிறகு என் வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை.

"சரி" என்றார்.

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். மண்டபம் எங்கே என்று கேட்டார், எத்தனை பேருக்குச் சொல்கிறோம் என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே குசினிப் பக்கம் பார்த்தேன். மேசையில் அந்தப் பிளாஸ்க் நின்றது, பக்கத்தில் ஒரு கோப்பை. அவர் எல்லாம் அறிந்துவிட்டாரோ, இல்லை வேலைக்குப் போகும் அவசரமோ, எனக்குத் தெரியாது. அரை மணித்தியாலம் இருந்தேன். கொண்டுபோன சொற்களை அப்படியே திருப்பிக் கொண்டு எழும்பினேன். அவர் வாசல் வரை வந்து, காரைக் கவனமாக ஓடும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

காருக்குள் ஏறிக் கனநேரம் வண்டியை எடுக்காமல் இருந்தேன். அக்கா ஒரு தரம்தான் கேட்டார்.