ஆரணி வீட்டு வாடகையைக் கூட்டிய வருஷம்

வீட்டுக்காரர் மாடியேறி வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சென்னையில் நாங்கள் ஆறு வருஷமாகக் குடியிருந்த வீடு அது. இரண்டாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையலறை. வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசமாட்டார். அன்றும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

“வெளியில இந்த ஏரியாவுல பத்தொன்பது, இருபதுன்னு போகுதும்மா. நீங்க பழகினவங்க. அதனால பதினேழு குடுத்தாப் போதும். யோசிச்சுச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல.”

பதினாலாயிரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். “சரிங்க சார், அவர் வந்ததும் சொல்றேன்” என்றேன். அவர் இறங்கிப் போன பிறகு, களைந்த அரிசியையே இன்னொரு முறை களைந்தேன்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு மருந்து மொத்த வியாபாரக் குடோனில் வேலை. மகள் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதனால்தான் அந்த வீட்டை விட முடியவில்லை. இருந்தாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேறு வீடு தேடி அலைந்தோம். ஒரு வீட்டில் ஹாலுக்கு ஜன்னலே இல்லை. “ஃபேன் போட்டா நல்லா காத்து வரும் சார்” என்றார் புரோக்கர், சிரிக்காமல். இன்னொரு வீட்டில் வீட்டுக்கார அம்மாள் எங்களை வாசலிலேயே நிறுத்தி, ஊரிலிருந்து யார் யார் வருவார்கள், எத்தனை நாள் தங்குவார்கள், வாஷிங் மெஷினை வாரத்துக்கு எத்தனை தடவை போடுவோம் என்று கேட்டாள். இரண்டு தடவை என்று கணவர் சொன்னார். ஒரு தடவை என்று நான் அதே நேரத்தில் சொன்னேன். அந்த வீடும் பதினெட்டு. எங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடு ஒன்றும் இருந்தது. அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் சொன்னார். “ஆரணி வீட்டு வாடகையை ஏத்திப் பாரேன். எத்தனை வருஷமா ரெண்டாயிரத்து எண்ணூறுலயே நிக்குது?”

எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியும். ஏன் நிற்கிறது என்பதும் தெரியும்.

ஆரணி வீடு என் அப்பாவுடையது. பட்டுக்கடை ஒன்றில் கணக்கெழுதி, ஓய்வுக்கு முன்னால் கட்டியது. முன்பாதியில் ஒரு குடும்பத்தை வைத்துவிட்டுப் பின்பாதியில் அவர் இருந்தார். குடியிருந்தவர் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் மனைவி வீட்டிலேயே புடவைகளுக்குக் குஞ்சம் முடிவாள். கடைசி எட்டு மாதம் அப்பா படுக்கையில் இருந்தபோது நான் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு போய் வந்தேன். மற்ற நாளெல்லாம் அவருக்குக் கஞ்சி ஊட்டி, துணி மாற்றி, திருப்பிப் படுக்கவைத்தது அவள்தான். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. வாடகையை நான் ஏத்தவே மாட்டேன்” என்றேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன வார்த்தை. அவளை விட ஏழெட்டு வயது மூத்தவள் நான்.

அடுத்த சனிக்கிழமை காஞ்சிபுரம் வழி பஸ்ஸில் ஆரணிக்குப் போனேன். அவள் முன் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு புடவையின் முந்தானையைப் பலகையில் விரித்து நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா! இன்னா திடீர்னு? ஒரு போன் போட்டிருந்தா சோறு சேத்து வெச்சிருப்பேனே. பாப்பா வரலீங்களா?”

“டியூஷன் இருக்கு.”

“பத்தாவதாச்சே. நல்லா படிச்சிகினு இருக்குதா? இருங்க, டீ வெக்கறேன்.”

டீ வந்தது. குடித்தேன். பிறகு சொன்னேன். “இந்தப் பக்கம் இப்ப ஆறாயிரம் போகுதாம். நீங்க பழகினவங்க. அஞ்சாயிரம் குடுத்தாப் போதும். யோசிச்சுச் சொல்லு, ஒண்ணும் அவசரமில்ல.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. வீட்டுக்காரர் நின்றுகொண்டு சொன்னார், நான் உட்கார்ந்து சொன்னேன்.

அவள் கையிலிருந்த முடிச்சை முடித்தாள். “அஞ்சாங்கக்கா?”

“ம்.”

“அவருக்கு இப்ப வாரத்துல நாலு நாளுதான் தறி ஓடுது. நாலு வெச்சிக்கலாமாங்க?”

“எங்களுக்கு அங்க மூவாயிரம் ஏத்திட்டாங்கம்மா.”

“அய்யய்யோ, ஒரேடியாவா?” அவள் நூலைக் கீழே வைத்துவிட்டாள். உண்மையாகவே எனக்காகப் பதறினாள். “அந்த ஊர்ல எப்படித்தான் காலம் தள்றீங்களோ. பேஜாருக்கா. சரிங்க, நீங்களும் எங்கேர்ந்து குடுப்பீங்க. அவராண்ட கேட்டுகினு சொல்றேன்.”

அவள் கத்தியிருக்கலாம். அப்பாவின் பெயரை எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் நான் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. பின்பக்கம் போய் அப்பாவின் அறையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினேன். பூட்டைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்து, வேலை நேரத்தில் போன் வந்தது. ரத்தம் எடுத்த குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

“அக்கா, போளூர் ரோட்ல ஒரு வீடு பாத்துட்டோங்க. ரெண்டாயிரத்தி ஐநூறு. சிமென்ட் ஷீட்டுதான். ஒண்ணாந்தேதி காலி பண்ணிட்றோம்.”

“சரிம்மா.”

“ஒண்ணு கேக்கணும். பெரியவரு படுத்திருந்த கட்டிலு சும்மாதான கிடக்குது. எடுத்துக்கட்டுமாங்க? இவருக்கு முதுகு வலி, தரையில படுக்க முடியல.”

“எடுத்துக்கோ.”

“நீங்க வெச்சிக்கணும்னா வேணாங்க.”

“இல்ல, எடுத்துக்கோ.”

மறுபடி சீட்டு ஒட்டினேன். ஒன்றுகூடக் கோணலாகவில்லை. மாலையில் கணவரிடம் சொன்னேன். “பரவாயில்ல, சண்டை போடாம போறாங்க” என்றார். ஆமாம் என்றேன். அழுகை வரும் என்று அன்றும் மறுநாளும் எதிர்பார்த்தேன். காய்ச்சல் விட்ட மறுநாள் வாய் ருசி இல்லாமல் இருக்குமே, அந்த மாதிரிதான் இருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன்.

நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் தனி ஆள் அந்த முன்பாதிக்கு வந்தார். ஐயாயிரத்தையும் பேரம் பேசாமல் கொடுத்தார். மாதம் பிறந்தால் காசு என் போனுக்கு வந்துவிடும். நான் மீதியையும் சேர்த்து அதைச் சென்னை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுவேன். என்னிடம் அது அரை நாள்கூடத் தங்கியதில்லை.

மகளின் பரீட்சை முடிந்த வாரமே வீட்டுக்காரர் திரும்பவும் மாடியேறி வந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் குடும்பத்தோடு திரும்புகிறானாம், வீடு வேண்டுமாம். இந்த முறை உட்கார்ந்தார். எங்களைப் போலக் குடித்தனக்காரர்கள் கிடைக்கமாட்டார்கள் என்றார். ஆணியடித்த ஓட்டைகளுக்கு மட்டும் முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஊருக்கு வெளியே, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டோம். பதின்மூன்றாயிரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் எனக்கு வேலைக்கு நேரம் சரியாக இருக்கும். இரண்டு பஸ் மாறுகிற தூரம் வேண்டாம் என்று எந்தப் பள்ளிக்காகப் பார்த்தோமோ, அந்தப் பள்ளியையும் மாற்றியாயிற்று.

போன மாதம் வீட்டு வரி கட்ட ஆரணிக்குப் போனேன். திரும்புகையில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். குஞ்சம் முடிந்த புடவைகளைத் துணிப்பையில் அணைத்துப் பிடித்திருந்தாள். முதலில் பார்த்தது நான்தான். பார்க்காத மாதிரி திரும்பலாமா என்று நினைத்த நேரத்தில் அவளே வந்துவிட்டாள்.

“இன்னாக்கா, எளைச்சிட்டீங்க! பாப்பா இன்னா மார்க்கு?”

சொன்னேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவளும் கறுத்திருந்தாள். ஷீட்டு வீட்டில் மத்தியானம் உட்கார்ந்து குஞ்சம் முடிய முடியவில்லை, வியர்வை பட்டால் பட்டு கறையாகிவிடும், விடியற்காலையில் எழுந்துதான் முடிகிறேன் என்றாள். அவள் கணவருக்கும் தறிக்குப் போய்வர ஷேர் ஆட்டோவுக்கே தினமும் காசு போகிறது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, இப்ப நம்ம வீட்ல கீறவரு எத்தினி நாளைக்கு இருப்பாரு?”

“தெரியலையேம்மா.”

“காலி பண்ணாருன்னா சொல்லுங்கக்கா. இவருக்கும் இப்ப ஆறு நாளும் வேலை கீது. அஞ்சாயிரமே குடுத்துட்றோங்க.”

அந்த நிதி நிறுவனத்துக்காரர் அதற்கு முந்தின வாரம்தான் பேசியிருந்தார். மாற்றல் வரலாம் போலிருக்கிறது, வராவிட்டால் இங்கேயே இருந்துவிடுகிறேன், வாடகையை ஐயாயிரத்து ஐநூறாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தார். நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

“கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“ஜல்தியா ஒண்ணும் இல்லக்கா. மெதுவா சொல்லுங்க.”

காஞ்சிபுரம் பஸ் வந்தது. நான் ஏறுகிறவரை அவள் நின்றாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆற்காடு ரோட்டில் திரும்புவதற்குள்ளேயே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அது நடந்து ஐந்து வாரமாகிறது. நான் அந்த நிதி நிறுவனத்துக்காரரிடம் இன்னும் கேட்கவில்லை. இந்த மாதம் ஐயாயிரத்து ஐநூறு வந்திருக்கிறது.