ஆறு பை ஐஸும் வராத விருந்தாளிகளும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால மலேசியாவுல, யோங் பெங்ல நடந்தது இது. சிங்கப்பூர் ஃபேக்டரி வேலையை விட்டுட்டு வந்து தனியா இருந்தேன். மனைவி பிரிஞ்சு போய் ஒரு வருஷம். போன்ல பார்க்கிற வீடியோதான் துணை. உடம்பையும் மூளையையும் நாமே மாத்தி அமைச்சுக்கலாம்னு அதுல ஒருத்தன் சொன்னான். அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டேன். கையில தூக்கத்தை அளக்கிற கடிகாரம், வாரத்துல மூணு நாள் வெறும் தண்ணி, தினம் காலையில ஐஸ் குளியல்.

ஐஸுக்குத் தெருமுனை பாய் கடை. தினமும் ஆறு பை. "வீட்ல விசேஷமா தம்பி?"ன்னு பாய் கேட்டார். டிரம்ல போட்டு உட்காரப் போறேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. சொந்தக்காரங்க வந்திருக்காங்கன்னு அளந்து விட்டேன். அப்புறம் தினமும் அவங்களை விசாரிப்பார். நானும் கூசாம, பெரியப்பாவுக்கு இருமல், பிள்ளைங்க ஒரே சத்தம்னு சொல்லுவேன். உண்மையைச் சொன்னா, அந்தப் பொய்யைச் சொல்ற ரெண்டு நிமிஷத்துக்காகத்தான் காலையில எழுந்திருச்சேன்.

ஒருநாள் கடையில நாலு பைதான் இருந்துச்சு. "லாரி வந்ததும் மிச்சத்தை நானே கொண்டாந்து தர்றேன் லா"ன்னார். நான் பொறுக்காம நாலு பையோடயே வீட்டுக்குப் பின்னாடி இருந்த டிரம்ல இறங்கிட்டேன். சாப்பிட்டு மூணு நாள் ஆச்சு. பத்து நிமிஷத்துல போன் அலாரம் அடிச்சுது. எழுந்திருக்கப் பார்த்தா கால் இருக்கிறதே தெரியல. கண்ணு இருட்டுது. கத்துறேன், குரல் வரல. செத்தா எத்தனை நாள் கழிச்சுக் கண்டுபிடிப்பாங்களோன்னு நினைச்சு அழுதுட்டேன்.

"அலாமாக்! தம்பி!"

நிக்காம அடிச்ச அலாரத்தைக் கேட்டு, பாய் பின்பக்கமா வந்திருக்கார். கக்கத்துல கைகொடுத்துத் தூக்கி, போர்வையால சுத்தி, கையோட கொண்டாந்திருந்த ஃபிளாஸ்க்ல இருந்த சுடுதண்ணியை வாயில ஊத்தினார். இஞ்சி காரம். நடுக்கம் நிக்கிற வரைக்கும் கன்னாபின்னான்னு திட்டினார்.

அப்புறம்தான் பார்த்தேன், ஐஸ் பையோட எட்டுப் பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. என் விருந்தாளிகளுக்கு. ஒரே ஒரு நாற்காலி கிடந்த வீட்டை பாய் சுத்திப் பார்த்தார்.

"எல்லாரும் கிளம்பிட்டாங்களா?"ன்னு மெதுவாக் கேட்டார். தலையாட்டினேன். "சரி, நாம சாப்பிடலாம்"னு தரையில உட்கார்ந்துட்டார்.

கடிகாரம் இன்னும் கையிலதான் இருக்கு, ஆனா அன்னைக்கு என் உயிரைப் பிடிச்சு வெச்சது, இல்லாத பெரியப்பாவோட இருமலுக்கு ஒருத்தர் காய்ச்சிக் கொண்டுவந்த இஞ்சித் தண்ணிதான்.